பல நாடுகள் திறந்த ஒரு கண்

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆம் நாள் ஞாயிற்றின் ஒளிவட்டத்தின் குறுக்கே ஒரு சிறு கரும்புள்ளி மெல்ல ஊர்ந்து சென்றது. நம் இலங்கையிலிருந்தும் காணத்தக்கதாய் இருந்த அக்காட்சியில் புள்ளியாய்த் தோன்றியது வெள்ளிக் கோள். பூமிக்கும் ஞாயிற்றுக்கும் நேர் நடுவே வெள்ளி வரும்போது நிகழும் இதனை வானநூலார் வெள்ளியின் கடப்பு என்பர். இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் இதே கடப்பைக் காண விரும்பிய பிரெஞ்சு அறிஞர் ஒருவர் தமிழ்க் கரையை நாடி வந்தார். நாடுகளின் போர் அவரைக் கரையேறவொட்டாது திருப்பியது. நம் காலத்திலோ, அதே கடப்பின் தத்துவத்தைக் கொண்டு, பிற ஞாயிறுகளைச் சுற்றும் கோள்களைத் தேடுவதற்காகப் பல நாடுகள் ஒன்றுகூடி விண்வெளியிலே ஒரு கண்ணைத் திறந்து வைத்தன. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கமாகும்.

யான் வானநூல் வல்லுநன் அல்லேன்; பாடசாலையிலே வரலாறு கற்பிப்பவன். ஆயினும் விஞ்ஞானத்தின் வரலாறும் மனிதரின் வரலாறே அன்றோ? முடிசூடியோரும் போர் தொடுத்தோரும் இடம்பெறும் ஏட்டிலே, கருவி சமைத்தோருக்கும் காத்திருந்தோருக்கும் சில பக்கங்கள் உரியன.

முதலில் அந்தப் பிரெஞ்சு அறிஞரின் கதையைக் கூறிவிடுகிறேன். வெள்ளியின் கடப்பைப் பூமியின் பல இடங்களிலிருந்து அளந்து ஒப்பிட்டால், ஞாயிறு எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைக் கணித்துவிடலாம் என்று ஆங்கிலேய அறிஞர் எட்மண்ட் ஹாலி 1716ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். ஓரிடத்தில் நின்று ஒருவன் எவ்வளவு கூர்ந்து நோக்கினும் இக்கணக்கு முடியாது. ஒருவரை ஒருவர் அறியாத பலர், கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் நின்று, ஒரே நாளில் ஒரே காட்சியைக் கண்டு குறித்தல் வேண்டும். எனவே 1761ஆம் ஆண்டுக் கடப்பைக் காண ஐரோப்பிய நாடுகள் பலவும் தம் அறிஞரைத் திசைதோறும் அனுப்பின. அவருள் ஒருவரே கியோம் லெ ஜாந்தி. அவர் புதுச்சேரிக்குச் செல்லப் பணிக்கப்பட்டு, 1760ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து கப்பலேறினார்.

அக்காலத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் ஏழாண்டுப் போரில் ஈடுபட்டிருந்தன. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டது. இச்செய்தியை வழியில் அறிந்த பிரெஞ்சுக் கப்பல் திரும்பிவிட்டது. கடப்பு நிகழ்ந்த ஜூன் 6ஆம் நாளில் லெ ஜாந்தி நடுக்கடலில் இருந்தார். கப்பலின் ஆட்டத்திலே பயனுள்ள அளவை எதனையும் எடுக்க இயலவில்லை. அடுத்த கடப்பு 1769இல் வருமாதலால் அவர் கிழக்கிலேயே தங்கினார். சமாதானத்தின் பின் புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்த தமிழர் ஒருவரிடம் நம்மவர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். ஆனால், அவர் எட்டாண்டுகள் காத்திருந்த அந்த நாளில், ஞாயிற்றை முகில் மூடிக்கொண்டது. 1771இல் அவர் தாயகம் மீண்டபோது, அவர் இறந்துவிட்டாரெனக் கருதி உறவினர் அவருடைய சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

இக்கதையைக் கேட்போர் முகிலையே நொந்துகொள்வர். வரலாறு கற்பவனோ முதற் கடப்பை எண்ணியே வருந்துவான். முகில் இயற்கையின் செயல். அதற்கு முன்னர் அவரைத் தடுத்தது மனிதரின் செயல். பலர் கூடினாலன்றி விடை தராத வினாவை இயற்கை எழுப்பிய அதே வேளையில், கூடாதிருத்தற்கு வேண்டிய காரணங்களை அரசுகள் சமைத்துக்கொண்டிருந்தன.

இனி நம் காலத்துக்கு வருவோம். விண்மீன்கள் யாவும் தூரத்து ஞாயிறுகளே. அவற்றுக்கும் நம்முடையதைப் போலக் கோள்கள் உளவோ என்னும் வினா மிகப் பழையது. 1995ஆம் ஆண்டில் சுவிற்சலாந்து நாட்டு அறிஞர்களான மிஷேல் மேயரும் திதியே கெலோவும், பிரான்சின் ஓத் புரொவான்ஸ் வானாய்வு நிலையத்திலிருந்து, ஞாயிற்றை ஒத்த ஒரு விண்மீனைச் சுற்றும் முதற் கோளைக் கண்டறிந்தனர். அவர்கள் கோளைக் கண்ணாற் கண்டாரல்லர். கோளின் ஈர்ப்பினால் விண்மீன் முன்னும் பின்னுமாகச் சிறிதளவு அசைவதை அதன் ஒளியிலிருந்து உய்த்துணர்ந்தனர். இதன்பொருட்டு அவ்விருவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

1999இல் மற்றொரு வழியும் பயன் தந்தது. பிற விண்மீன் ஒன்றன் முன்னே அதன் கோள் கடந்து செல்வதையும், அவ்வேளையில் விண்மீனின் ஒளி சிறிது குன்றுவதையும் அமெரிக்க அறிஞர்கள் அளந்தனர். லெ ஜாந்தி காண விழைந்த அதே கடப்பு இது. ஆனால் எவ்வளவு நுண்ணிய குறைவு! வியாழனை ஒத்த பெருங்கோள் ஞாயிற்றை ஒத்த விண்மீனைக் கடந்தால், ஒளியில் நூற்றில் ஒரு பங்கே குறையும். பூமியளவான சிறு கோள் கடந்தாலோ, ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கே குறையும். காற்று மண்டலத்தினூடே நோக்கும்போது விண்மீன்கள் மினுங்குகின்றன, பகலானதும் மறைந்துவிடுகின்றன. ஆதலின் சிறு கோள்களை இவ்வழியிலே தேட வேண்டுமாயின், தொலைநோக்கியைக் காற்றுக்கு மேலே கொண்டுசெல்லுதல் வேண்டும். அத்தேவையை முதலில் நிறைவேற்றியதே பிரான்சின் தலைமையில் உருவான கோரோ எனும் விண்வெளித் தொலைநோக்கி.

கோரோவின் கதை கோள்களில் தொடங்கவில்லை. மணியைத் தட்டினால் எழும் ஒலியைக் கொண்டு அம்மணியின் உலோகத்தையும் பருமனையும் அனுபவமுள்ளோர் கூறிவிடுவர். அதுபோல, விண்மீன்களின் உடலிலே ஓயாது எழும் அதிர்வுகளை ஒளியின் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளால் அறிந்து, அவற்றின் உட்புறத்தை ஆராயலாம் என்று பாரிஸ் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆனி பாக்லன் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் நெடுங்காலம் முயன்றுவந்தனர். அவர்கள் அமைத்த எவ்ரிஸ் எனும் சிறு கருவி, செவ்வாய்க் கோளை நோக்கி உருசியர் அனுப்பிய மார்ஸ் 96 விண்கலத்திலே இடம்பெற்றது. செவ்வாய்க்குச் செல்லும் நெடும் வழியிலே அது விண்மீன்களை நோக்குவதாக ஏற்பாடு. 1996ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கசக்ஸ்தானிலுள்ள பைக்கனூர் தளத்திலிருந்து அக்கலம் எழுந்தது. ஆனால் ரொக்கெட்டின் இறுதிப் பகுதி உரியவாறு இயங்காமையால், பூமியின் பிடியை விட்டு நீங்காமலே கலம் மீண்டு விழுந்து அழிந்தது. பல்லாண்டு உழைப்பு ஒரே இரவில் மறைந்தது.

பாக்லன் அம்மையார் முயற்சியைக் கைவிட்டாரல்லர். விண்மீன்களின் அதிர்வுகளை அளப்பதற்கெனவே தனியான செய்மதி ஒன்று வேண்டுமென்னும் கருத்து வலுத்தது. அவ்வளவு நுட்பமாக ஒளியை அளக்கும் கருவி, கோள் கடக்கும்போது ஏற்படும் ஒளிக்குறைவையும் அளக்க வல்லதன்றோ என்று அதே நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஷ்னைடர் முதலியோர் எடுத்துரைத்தனர். இவ்வாறு ஒரே தொலைநோக்கிக்கு இரு பணிகள் அமைந்தன. கருத்து நன்று, பணம் எங்கே? பிரான்சின் விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு இஃது ஒரு சிறு திட்டமே. ஆயினும் செலவு பற்றிய இடர்ப்பாடுகளால் அது பல ஆண்டுகள் இழுபட்டது. தனித்து நின்றால் நிறைவேறுமோ என்னும் ஐயமும் எழுந்தது.

இந்நெருக்கடியே பங்காளிகளைத் தேடும் நிலையை உருவாக்கியது. நேயர்களே, நாடுகளின் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசும்போது, உயர்ந்த இலட்சியங்களே அதனைத் தோற்றுவித்தன என்று கூறுவது வழக்கம். கோரோவின் வரலாறு இன்னும் உண்மையான ஒரு பாடத்தைத் தருகின்றது. கையிலே பணம் போதாமையே முதற் காரணம். அயலவரை வரவேற்கக் கதவைத் திறந்தது தேவை; திறந்த கதவினூடே வந்தோர் பணம் மட்டும் கொண்டுவரவில்லை என்பதே அடுத்து நாம் காண வேண்டியது.

திட்டத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 170 மில்லியன் யூரோ. அதில் 75 வீதத்தைப் பிரான்சு ஏற்றது. எஞ்சிய 25 வீதத்தை ஒஸ்திரியா, பெல்ஜியம், யேர்மனி, ஸ்பெயின், பிரேசில் ஆகிய நாடுகளும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பகிர்ந்துகொண்டன. பெரும்பாலும் அவை காசாக அன்றி, கைவினையாகவே தம் பங்கைத் தந்தன. பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலே, பூமியிலிருந்து எழும் வேண்டாத ஒளி தொலைநோக்கிக்குள் புகாதவாறு காக்கும் மறைப்பு அமைக்கப்பட்டது. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்தார் செய்மதிக்குள் இருக்கும் மின்னணுச் சாதனங்களில் ஒரு பகுதியைச் செய்தனர். பேர்லினைச் சேர்ந்தோர் அவற்றை இயக்கும் மென்பொருளில் உழைத்தனர். பிரான்சின் பாரிஸ், மார்செய், ஓர்சே ஆகிய இடங்களின் ஆய்வுகூடங்கள் கருவியை உருவாக்கின. தொலைநோக்கி கான் நகரிலே சமைக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்த பிரேசில், அல்கான்தரா எனும் தன் நிலையத்தின் அன்ரனாவைத் தந்ததோடு, தன் பொறியியலாளரையும் அனுப்பியது. அதன் விஞ்ஞானிகளும் தரவுகளுக்கு உரிமையுடைய பங்காளராயினர்.

ஒரு நாட்டான் செய்த உறுப்பு மற்றொரு நாட்டான் செய்த உறுப்போடு மயிரிழையும் பிசகாது பொருந்த வேண்டும். விண்வெளியிலே கழற்றிப் பூட்டுதற்கு ஆளில்லை. ஆதலின் ஒவ்வொருவரும் மற்றவரின் வேலையைத் தம் வேலையைப் போலவே சோதிக்க வேண்டியவராயினர். உடன்படிக்கைகளில் எழுதப்படும் நட்பைக் காட்டிலும் இத்தகைய நட்பு உறுதியானது.

2006ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கோரோ விண்ணிலே ஏவப்பட்டது. எங்கிருந்து தெரியுமா? பத்தாண்டுகளுக்கு முன் எவ்ரிஸ் கருவி எழுந்து அழிந்த அதே பைக்கனூர் தளத்திலிருந்துதான். ஏவியதும் உருசிய ரொக்கெட்டே. அதுவும் சோயுஸ் இனத்தில் அப்போதுதான் முதன்முறையாகப் பறந்த புதிய வகை. பாக்லன் அம்மையாரின் குழுவினர் அன்று எத்தகைய நெஞ்சத்துடன் காத்திருந்திருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1957இல் முதற் செய்மதி எழுந்த இடமும் பைக்கனூரே. உலகம் இரு கூறாய்ப் பிளவுண்டு நின்ற காலத்தின் சின்னமாக விளங்கிய அத்தளம், இப்போது மேற்கு ஐரோப்பாவும் தென் அமெரிக்காவும் சேர்ந்து சமைத்த கருவியை ஏந்திச் சென்றது. இம்முறை ரொக்கெட் பிழைக்கவில்லை.

கோரோ மிகப் பெரிய கருவியன்று. அதன் வாயின் குறுக்களவு 27 சென்ரிமீற்றர். நம் வீட்டுச் சோற்றுக் கோப்பையளவு என்று வைத்துக்கொள்ளலாம். துருவங்களின் மேலாகச் செல்லும் பாதையிலே, ஏறத்தாழ 900 கிலோமீற்றர் உயரத்தில் அது பூமியைச் சுற்றியது. ஞாயிற்றொளி உட்புகாதிருத்தற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகத்தைத் திருப்பி, வானின் எதிரெதிரான இரு பகுதிகளை மாறி மாறி நோக்கியது. ஒரே பகுதியை 150 நாட்கள் வரை இமையாது பார்த்துக்கொண்டிருக்க அதனால் இயன்றது. பூமியில் இருக்கும் எத்துணைப் பெரிய தொலைநோக்கிக்கும் இப்பேறு இல்லை.

2007 மே மாதத்தில் முதற் கோள் பற்றிய செய்தி வந்தது. வியாழனிலும் பெரிதான அக்கோள் ஒன்றரை நாளில் தன் விண்மீனைச் சுற்றிவந்தது. ஆனால் உலகத்தின் கவனத்தை ஈர்த்தது 2009 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மற்றொரு கோளே. கோரோ 7பி எனும் பெயர் பெற்ற அது, ஏறத்தாழ 500 ஒளியாண்டுத் தூரத்தில், பூமியைப் போல் இரு மடங்குக்கும் குறைந்த குறுக்களவுடையதாய் இருந்தது. 20 மணித்தியாலத்தில் ஒருமுறை தன் ஞாயிற்றைச் சுற்றும் அக்கோளிலே உயிர் வாழ்தல் அரிது. அதன் பகற்புறம் பாறையையும் உருக்கும் வெப்பமுடையது.

இங்கேதான் ஒத்துழைப்பின் உட்பொருள் தெளிவாகின்றது. தொலைநோக்கி காட்டுவது ஒளி குறைந்தது என்பதை மட்டுமே. ஒன்றையொன்று மறைக்கும் இரு விண்மீன்களும் அத்தகைய குறைவை உண்டாக்கலாம். எனவே கோரோ ஐயத்துக்குரியவற்றைக் காட்ட, கனேரித் தீவுகள், சிலி, இஸ்ரேல், ஹவாய் முதலிய இடங்களிலுள்ள தொலைநோக்கிகள் அவற்றை மீண்டும் ஆராய்ந்தன. கோரோ 7பி கோளின் நிறையை அறியும்பொருட்டு, சிலி நாட்டின் லா சில்லா மலையிலுள்ள 3.6 மீற்றர் தொலைநோக்கி ஏறத்தாழ 70 மணித்தியாலம் அவ்விண்மீனையே நோக்கியது. அதன் பயனாக, 2009 செப்டெம்பரில், அக்கோளின் நிறை பூமியைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு எனவும், எனவே அது வாயுத் திரளன்று, பாறைக்கோள் எனவும் அறிவிக்கப்பட்டது. பிற ஞாயிறு ஒன்றைச் சுற்றும் கோள் பாறையாலானது என்பதற்கு அளவைச் சான்று கிடைத்தது அதுவே முதன்முறை. அவ்விண்மீனின் மேற்பரப்பிலே புள்ளிகள் மிகுதியாதலால் நிறையின் அளவைப் பிறர் மீண்டும் மீண்டும் கணித்தனர். விடைகள் சற்று வேறுபட்டன. இதனைக் குறையாகக் கருதலாகாது. ஒருவர் சொல்லை மற்றவர் சோதிக்கும் உரிமையே விஞ்ஞானத்தின் உயிர்நிலை.

கோரோவுக்கும் இடர்கள் நேர்ந்தன. 2009 மார்ச்சில் அதன் தரவுகளைக் கையாளும் இரு சாதனங்களுள் ஒன்று செயலிழந்தது. பார்வையில் பாதி போயிற்று. எஞ்சிய பாதியைக் கொண்டே அது தொடர்ந்து உழைத்தது. 2010இல் அறிவிக்கப்பட்ட கோரோ 9பி எனும் கோள், 95 நாளில் ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றுவதும் நம் வியாழனைப் போன்று மிதமான தன்மையுடையதுமாகும். இரண்டரை ஆண்டுக்கெனத் திட்டமிட்ட பணி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நீடித்தது. 2012 நவம்பரில் இரண்டாவது சாதனமும் நின்றது. மீட்கும் முயற்சிகள் பயனளியாமையால், 2013 ஜூனில் பணி முடிவுற்றதென அறிவிக்கப்பட்டது. 2014 ஜூனில் செய்மதி முற்றாக ஓய்வு பெற்றது. அதன் கணக்கிலே முப்பதுக்கு மேற்பட்ட கோள்கள் சேர்ந்தன. விண்மீன்களின் அதிர்வுகளையும், பாக்லன் அம்மையார் முதலில் விரும்பியவாறே, அது செவ்வனே அளந்து தந்தது.

2009 மார்ச்சில் அமெரிக்கா ஏவிய கெப்ளர் தொலைநோக்கி, தன் பெரிய கண்ணால் 2,600க்கு மேற்பட்ட கோள்களைக் கண்டது. எண்ணிக்கையை மட்டும் நோக்குவோருக்குக் கோரோ சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் விண்வெளியிலிருந்து இம்முறையிற் கோள்களைத் தேடலாம் என்பதைச் செய்து காட்டியது கோரோவே. அங்கே கூடிப் பழகிய கைகள் பிரிந்துவிடவுமில்லை. 2019 டிசம்பரில் ஏவப்பட்ட கியோப்ஸ் எனும் தொலைநோக்கியை, சுவிற்சலாந்தின் தலைமையிலே ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துடன் 11 நாடுகள் சேர்ந்து சமைத்தன. 26 கமராக்களைக் கொண்ட பிளேட்டோ எனும் மற்றொரு திட்டம் 2014இல் தெரிவு செய்யப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்ற யேர்மனியின் ஹைக்கே ரௌவர் அம்மையார் கோரோவிலே பயின்றவர்.

இவற்றிலிருந்து நாம் பெறுவது யாது? கூட்டுறவு என்பது வலியோர் மெலியோருக்கு இடும் பிச்சையன்று. எல்லோரும் சம அளவு கொடுத்தாலன்றி அமையாததுமன்று. முக்காற் பங்கு கொடுத்த நாடும் உண்டு. ஓர் அன்ரனாவும் சில பொறியியலாளரும் கொடுத்த நாடும் உண்டு. ஆனால் லியேஜ் நகரத்து மறைப்பு இல்லையெனின், பாரிசின் கருவி குருடாகியிருக்கும். சிலியின் மலைமீது இரவெல்லாம் விழித்திருந்தோர் இல்லையெனின், கோரோ 7பி வெறும் ஐயமாகவே நின்றிருக்கும். சிறு பங்கு என்பது வேறு. வேண்டாத பங்கு என்பது வேறு. சிறிய நாட்டிலே வாழும் நாம், நம் மாணவருக்கு இதனைச் சொல்லிவைத்தல் நன்று. பெருஞ்செயல்கள் பெரிய நாடுகளுக்கே உரியன என்று எண்ணித் தலைகுனிந்திருக்கும் பிள்ளைக்கு, எந்த உறுப்பை நீ பழுதறச் செய்வாய் என்று கேட்பதே ஆசிரியரின் கடமை.

ஏழாண்டுப் போரின் காலத்திலே, கோள் ஒன்றைக் காண வந்தவர் கரையேற முடியாது திரும்பினார். கோரோ திரட்டிய தரவுகளோ முதலில் பங்காளிகளுக்கும், ஓராண்டு கழிந்தபின் உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ இருக்கும் ஒரு மாணவி, கணினியொன்றின் முன் அமர்ந்து, அவ்விண்மீன்களின் ஒளி ஏறி இறங்கிய வரலாற்றைத் தானே எடுத்து ஆராயலாம். எவரும் அவளிடம் நீ எந்நாட்டவள் என்று கேட்கமாட்டார். அவள் அவற்றை எடுத்து நோக்குதற்கு வேண்டிய கணிதத்தையும் பௌதிகத்தையும் கற்பிப்பதே நம் பங்கு.